காலி இடத்தில் நின்ற மரம்

பசுமைப் பெருக்கத் துறையில் பொய்க்கணக்கு எழுதுகிறவர் ஒருவர்கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதிக் கதையில், "எல்லாம் திருட்டுக் கூட்டம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அங்கே வேலை பார்ப்பவர்கள் எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர்கள். விதியில் ஒரு எழுத்து பிசகமாட்டார்கள். அவர்கள் கொஞ்சம் அயோக்கியர்களாக இருந்திருந்தால் சலவையக்காவின் புருஷன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.

சலவையக்கா ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக விரிப்புகளும் தலையணை உறைகளும் வெளுக்கிறவள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர்களுக்குக் கட்டிக்கொடுத்த தகரக்கூரை வரிசையில் ஏழாவது அறை அவளுடையது. புருஷன் அதே பசுமைப் பெருக்கத் துறையில் தண்ணீர் லாரி ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் லாரியின் மேலே ஏறித் தொட்டி மூடியைச் சாத்தும்போது கால் வழுக்கிக் கழுத்து அடிபட விழுந்தார். அதற்குப் பிறகு கட்டில்தான். பேச்சும் குறும்பும் மட்டும் குறையவில்லை.

டாக்டரம்மா அப்போதே சலவையக்காவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "கழுத்து நரம்பு அடிபட்டவங்களுக்கு வேர்க்காதும்மா. நமக்கெல்லாம் சூடு ஏறினா வேர்த்துத் தணிஞ்சிடும். இவருக்கு ஏறின சூடு ஏறினதுதான். மருந்தை ஒருவேளை மறந்தாலும் பரவாயில்ல, நிழலை மறந்துடாதீங்க."

நிழலுக்குக் குறைவில்லாமல்தான் இருந்தது. ஜன்னலை ஒட்டித் தெருவோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. ஏழாவது அறைக் கூரை முழுவதையும், ஆறாவது எட்டாவது அறைகளில் பாதிப் பாதியையும் அது மூடியிருந்தது. கோடையில் நான்காவது அறைக்காரர்கள் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுக்கும்போது, ஏழாவது அறையில் மத்தியானத் தூக்கமே தூங்கலாம். பொழுது சாய்ந்து இலைகள் மடங்குவதைப் பார்த்துவிட்டு, "துரை தூங்கப் போயிட்டார், நமக்கும் சோத்தைப் போடு" என்பார் லாரிக்காரர்.

அந்த மரம் துறை நட்டதுதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரே காலையில் அந்தத் தெருவில் இருநூற்று நாற்பது கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் இரும்புக் கூண்டு வைத்து, கூண்டில் எண்ணைப் பொறித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமே தண்ணீர் லாரியை வேறு தெருவில் நடவு என்று அங்கே அனுப்பிவிட்டார்கள். லாரிக்காரர் மட்டும் வேலை முடிந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது, தொட்டியில் மிஞ்சிய தண்ணீரை ஜன்னலோரக் கன்றுக்குத் திறந்துவிடுவார். கேட்டால், "பாசமெல்லாம் ஒண்ணுமில்ல. மிச்சத் தண்ணி கிடந்தா தொட்டி துருப்பிடிக்கும்" என்பார். விடுமுறை நாளிலும் அவர் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதைச் சலவையக்கா பார்த்திருக்கிறாள். பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

நான்காம் வருஷம் கன்று தடித்துவிட்டது. கூண்டுக் கம்பி தண்டைக் கடிக்க ஆரம்பித்தது. பட்டை பிளந்து பிசின் மாதிரி ஏதோ வடிந்தது. லாரிக்காரர் இரும்பு அறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்து அரைநாள் உட்கார்ந்து கூண்டை அறுத்து எடுத்தார். அதைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டிருந்தால் தொலைந்தது. அவரும் அந்தத் துறையின் ஆள் அல்லவா! அரசுப் பொருளை வீட்டில் வைத்துக்கொள்வதா என்று துடைத்துக் கட்டி, துறையின் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

துறையில் ஒரு வழக்கம். கன்று உயிரோடு இருக்கிறதா என்று ஆள் போய்க் குனிந்து பார்க்க முடியாது. கன்றுகள் லட்சம், கண்காணிப்பவர் ஒருவர். ஆகவே கூண்டைப் பார்ப்பார்கள். கூண்டு நின்றால் கன்று உயிருடன் உள்ளது. கூண்டு கிடங்குக்குத் திரும்பினால் கன்று பட்டுப்போனது. கன்றுக்கு இந்த இரண்டு கதிதான் உண்டு என்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ பெரிய மனிதர் பதிவேட்டில் இரண்டே கட்டம் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். கிடங்குக் குமாஸ்தா கூண்டை வாங்கிக்கொண்டு எண்ணைப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து, 'பட்டுப்போனது' என்ற கட்டத்தில் நேர்மையாக ஒரு கோடு போட்டார்.

அந்தத் தெருவில் மற்ற இருநூற்று முப்பத்தொன்பது கூண்டுகளும் அப்படியே நின்றன. ஒன்றில் காகிதக் குப்பை, ஒன்றில் ஒற்றைச் செருப்பு, பலவற்றில் ஒன்றுமே இல்லை. அவையெல்லாம் உயிருடன் இருந்தன.

இந்த வருஷம் துறைக்கு லட்சமாவது கன்றை நடும் பாக்கியம் கிடைத்தது. ஊர் வரைபடத்தில் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பச்சைப் புள்ளிகளும் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியும் இருந்தன. அந்த வெள்ளைப் புள்ளியைத் தேடிக்கொண்டு பங்குனி வெயிலில் மூன்று பேர் அளவு நாடாவோடு வந்தார்கள். வந்தவர்கள் நேராக மரத்தடிக்குப் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"காலி இடம் எங்கப்பா?" என்றார் தொப்பி போட்டவர்.

"இதான் சார் காலி இடம்," என்றார் நாடாக்காரர், மரத்தில் சாய்ந்துகொண்டே.

சலவையக்கா வெளியே வந்தாள். "என்ன சார் தேடுறீங்க?"

"காலி இடம்மா. கன்னு நடணும்."

"எதிர்ல பாருங்க, வரிசையாக் காலியாத்தானே கெடக்கு?"

தொப்பிக்காரர் எதிர்வரிசையைப் பார்த்தார். "அங்கெல்லாம் கன்னு இருக்கும்மா."

"எங்க சார் இருக்கு?"

"கூண்டு இருக்குல்ல?"

சலவையக்காவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. உள்ளேயிருந்து லாரிக்காரர் குரல் கொடுத்தார். "இந்தா, அவங்களுக்குக் குடிக்கத் தண்ணி குடு. பாவம், நம்ம துறை ஆளுங்க." மூன்று பேரும் தண்ணீர் குடித்தார்கள். "நல்ல குளுமையான இடம்மா இது," என்று பாராட்டிவிட்டு, மரத்தில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் சலவையக்கா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனாள். நடைபாதை நெடுகிலும் பிளாஸ்டிக் செடிகள். ஒரு பெண் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். கன்றுப் பிரிவு அலுவலர் எழுந்து நின்று வரவேற்று, பதிவேட்டைத் தானே எடுத்துக் காட்டினார். குற்றம் சொல்ல முடியாத மனுஷர்.

"எனக்கு மரம்னா உசுரும்மா. என் பொண்ணுக்கே ஒரு மரத்தோட பேரைத்தான் வச்சிருக்கேன். ஆனா பாருங்க, நீங்க சொல்றது எங்க கன்னுன்னா, அது பட்டுப்போய் ஏழு வருஷமாச்சு. எங்க கன்னு இல்லைன்னா, எங்க கன்னோட இடத்துல அது ஆக்கிரமிப்பு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"சாகலைங்க. வளர்ந்திருக்கு. நீங்களே வந்து பாருங்க."

"வளர்ந்ததுக்குக் கட்டம் இல்லையேம்மா," என்றார் அவர் வருத்தத்தோடு. "இத்தனை வருஷத்துல யாரும் இப்படி ஒரு விஷயத்தோட வந்ததில்ல."

"அப்ப பக்கத்துல ஒரு அடி தள்ளி நட்டுக்கோங்க. நானே குழி வெட்டித் தர்றேன்."

"பக்கத்துல நட்டா அது லட்சத்து ஒண்ணாவது. லட்சமாவது காலியாவே கெடக்குமே! முறையா போகணும்னா, மாடியில மரப் பிரிவு இருக்கு. அவங்க இதை மரம்னு சேர்த்துக்கிட்டா நாங்க ஏன் தொடப்போறோம்?"

மாடியில் மரப் பிரிவு இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மனிதர். யாரோ உள்ளே வருவதைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்து, தன் நாற்காலியைத் துடைத்து அவளை உட்காரச் சொன்னார். மரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கமே வந்துவிட்டார்.

"முப்பத்தோரு வருஷமா இங்க இருக்கேன். ஒரு மரம் வந்ததில்லம்மா. எவ்வளவு உசரம்? சாயந்தரம் இலையெல்லாம் மூடிக்குமா? கொஞ்சம் சொல்லுங்களேன்."

சலவையக்கா சொன்னாள். மூன்றாவது அடுக்குக் கிளை எப்படிக் கூரைமேல் படுத்திருக்கிறது, புருஷன் அதோடு எப்படிப் பேசுகிறார், டாக்டரம்மா என்ன சொன்னார், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு புதிய பதிவேட்டை எடுத்தார். அதன் முதல் பக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிரித்து வைத்துக்கொண்டு, "கீழேயிருந்து 'மேற்படி கன்று மரமாகிவிட்டது'ன்னு ஒரு வரி மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க," என்றார்.

"அவங்க செத்துப்போச்சுன்னு எழுதியிருக்காங்களே."

அவர் பேனாவை மூடினார். "செத்ததை நான் எப்படிம்மா சேர்த்துக்கிறது?"

அவள் நாய் படாத பாடு பட்டு, நான்கு நாள் அலைந்து, மேல்முறையீட்டு மனு ஒன்று எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக் கணக்கர்தான் நல்ல நடையில் எழுதித் தந்தார்: கணவர் நோயாளி, வெயில் தாங்கமாட்டார், நிழல் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. மனுவுக்கு உடனே பலன் கிடைத்தது. இரண்டே நாளில் ஆய்வாளர் நேரில் வந்துவிட்டார். உச்சி வெயில். அறைக்குள்ளிருந்து முக்காலியை எடுத்து மரத்தடியில் போடச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினார். முடித்ததும் கட்டிலில் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பி உரக்க வாசித்தார்.

"குறிப்பிட்ட இடம் நேரில் பார்வையிடப்பட்டது. சுற்றுப்புறத்தில் கடும் வெப்பம் நிலவுகிறது. நிழல் தரும் மரம் எதுவும் துறையின் பதிவில் இல்லை. இங்கு வசிக்கும் பெண்மணி ஒருவர், நோயுற்ற தம் கணவருக்கு நிழல் வேண்டுமென உருக்கமாக மனு செய்துள்ளார். ஆகவே இவ்விடத்தில் கன்று நடும் பணியை ஒரு நாளும் தாமதிக்கலாகாது."

"ஐயா," என்றாள் சலவையக்கா, "நீங்க உக்காந்திருக்கிறதே அந்த நிழல்லதாங்க."

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். கிளைகளை வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் ஏதோ செய்திருக்க வேண்டும். "நான் பார்க்கிறது வேறம்மா, பதியறது வேற," என்று மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு வேண்டியது நிழல்தானே? கன்னு வளர்ந்ததும் தன்னால வரும். ஒரு பத்து வருஷம் பொறுத்துக்கோங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இங்கே முழு மரத்தையே தாளில் மறைத்துவிட்டார்கள். தான் எழுதிக்கொடுத்த மனுவையே காரணமாகக் காட்டிவிட்டார்களே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். லாரிக்காரர்தான் தேற்றினார். "விடு. நீ போகலைன்னாலும் வெட்டியிருப்பாங்க. இப்ப நம்ம சங்கதியாவது அறிக்கையில இருக்கு."

வெட்டும் நாள் காலையில் அவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். ரம்ப இயந்திரம் இரைய ஆரம்பித்ததும் திறக்கச் சொன்னார். "எந்தக் கிளை போகுதுன்னு தெரியணும்." நான்கு மணி நேரம் ஆயிற்று. கூரைமேல் படுத்திருந்த கிளை போனதும் வெயில் முதல் தடவையாகக் கட்டில்வரை வந்தது. அவர் கண்ணைச் சுருக்கிச் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏய், நம்ம ரூம் இவ்வளவு அழுக்காவா இருந்துச்சு?"

அவள் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் அவர், "கூண்டை நான் அறுத்திருக்கக் கூடாது," என்றார்.

"அறுக்கலைன்னா மரம் செத்திருக்குமேங்க."

"ஆமா. கணக்குல உசுரோட இருந்திருக்கும்."

மறுநாள் விழா. மரம் போனதால் தெருவில் நிற்க முடியவில்லை. விருந்தினர்களுக்காகப் பெரிய பந்தல் போட்டு, மின்விசிறி வைத்தார்கள். தலைமை இயக்குநர் ஒலிபெருக்கியில் பேசியது ஏழாவது அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

"மரம் இருக்கும் தெருவில் வெயில் பாதியாகக் குறைகிறது. மரம் நமக்கு மூச்சுக் கொடுக்கிறது. மண்ணைப் பிடித்து வைக்கிறது. மழைநீரைக் கைப்பிடித்துப் பூமிக்குள் அழைத்துப் போகிறது. நோயாளிகளுக்கு முதல் மருத்துவர் மரம்தான். இந்தத் தெருவில் ஒரு நோயாளி நிழலின்றி வாடுகிறார் என்று கேட்ட மாத்திரத்தில், லட்சமாவது கன்றை இங்கேதான் நட வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். பெருமையோடு ஒன்றைச் சொல்வேன். இந்தத் துறை பிறந்த நாற்பது ஆண்டுகளில், ஒரு கன்றுகூட வளர்ந்து எங்களை விட்டுப் போனதில்லை. நட்ட அன்று எப்படி இருந்தனவோ, இன்றும் எங்கள் பதிவேட்டில் அப்படியே கன்றுகளாகவே இருக்கின்றன!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "எல்லாம் சரியாத்தான் சொல்றார்," என்றார் லாரிக்காரர். "ஒரு வார்த்தை தப்பில்ல."

பேச்சு முடிந்து, அடிமரத்தை ஒட்டத் தோண்டி எடுத்த குழியில் ஒரு முழ உயரக் கன்றை நட்டு, அதைச் சுற்றிப் பளபளவென்று புதுக் கூண்டை வைத்தார்கள். பிறகு இயக்குநர் அறைக்குள் வந்து கட்டிலருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். 'பயனாளி' என்று எழுதிய அட்டையை லாரிக்காரரின் மார்பில் சாய்த்து வைத்தார்கள். அவர் கை நிற்காததால் அட்டை சரிந்துகொண்டே இருந்தது. ஒரு உதவியாளர் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு, படத்தில் தெரியாதபடி அதைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கோடை வந்தது. தகரம் காலை ஒன்பது மணிக்கே கொதிக்க ஆரம்பித்தது. சலவையக்கா பகல் வேலையை இரவுக்கு மாற்றிக்கொண்டு, நாள் முழுக்க வாளியில் தண்ணீர் வைத்து ஈரத்துணியால் அவரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கூரைமேல் பழைய சாக்குகளை நனைத்துப் போட்டாள். அரைமணியில் காய்ந்து போயின. வேறு அறை கேட்டு எழுதினாள். வரிசையில் எண்பதாவதாகப் பெயர் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டாள். காய்ச்சல் வந்தால்தான் சேர்க்க முடியும் என்றார்கள். இவருக்கு இருப்பது காய்ச்சல் அல்ல, வெயில். டாக்டரம்மாவும் மாற்றலாகிப் போயிருந்தார்.

"உனக்கு எவ்வளவு வேர்க்குது பாரு," என்றார் ஒரு மத்தியானம், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. "எனக்கும் சேத்து நீயே வேர்த்துடு."

தகரம் கொதிக்கத் தொடங்கிய பத்தொன்பதாவது நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் பேச்சு குழறியது. உடம்பைத் தொட்டால் கை சுட்டது. அவள் ஐஸ் கட்டி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். விரிப்பு வெளுக்கிறவளை எல்லா வார்டிலும் தெரியும், கேட்டவுடன் கொடுத்தார்கள். ஓடித்தான் வந்தாள். பாத்திரத்தில் பாதிதான் கரைந்திருந்தது. அதற்குள் அவர் போய்விட்டிருந்தார். அவருக்கு இனி வேண்டாம் என்று தெரிந்த பிறகும் அவள் மிச்ச ஐஸை நெற்றியிலும் மார்பிலும் வைத்து வைத்துத் தேய்த்தாள். பக்கத்து அறைக்காரிதான் வந்து கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து கன்றுக் கண்காணிப்பாளர் வந்தார். கூண்டு நிற்கிறதா என்று பார்த்தார், நின்றது. கட்டத்தில் கோடு போட்டார். சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்து, "பயனாளி நல்லா இருக்காரா?" என்று மரியாதைக்கு விசாரித்தார். சலவையக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனார்.

கண்காணிப்பாளர் பார்க்காத கன்றை அவள் அப்போதுதான் கிட்டப் போய்ப் பார்த்தாள். விழாவுக்குப் பிறகு ஒருவரும் அதற்குத் தண்ணீர் விடவில்லை. நாலைந்து இலைகளில் மூன்று சுருண்டுவிட்டன. அதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். இப்போது கையை விட்டால் வேரோடு வந்துவிடும், அவ்வளவு லேசாக நின்றது. கூண்டுக்குள் கையை விட்டாள். இலையைத் தொட்டாள். வெயிலில் சுட்டது.

அறைக்குள் போய் வாளியை எடுத்துவந்தாள். சாவதற்கு முன்னால் அவருக்கு எப்படித் துடைத்தாளோ அப்படியே, கையால் அள்ளி இலைமேல் தடவினாள். மிச்சத்தை வேரில் ஊற்றினாள். மண் சீறிக்கொண்டு குடித்தது. ஊற்ற ஊற்ற அவளுக்கு அழுகை வந்தது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குனிந்து, கம்பிக்கு வாயைக் கிட்டே வைத்துக்கொண்டு கன்றிடம் கெஞ்சினாள்.

"பொழச்சுக்கோ. ஆனா வளர்ந்துடாதே. உன் கால்ல விழறேன், இந்தக் கூண்டை விட்டு மட்டும் பெருசாயிடாதேடா."